ஸ்டார் எதுவரை கூப்பிடும்? கிளைப் பெயர்களுக்கு வைல்ட்கார்டு எழுதும் முறை

அப்பா ரப்பர் தோட்டத்தில் தண்டலாக, அதாவது ஆட்களை வேலைக்கு அனுப்பும் மேற்பார்வையாளராக இருந்தவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் (ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் இடம்) நின்று ஆட்களைப் பிரித்துவிடுவார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பால் வெட்டும் நேரம் போய்விடும். அதனால் "மூணாம் நம்பர் தீம்பாரு எல்லாம் இந்தப் பக்கம்" என்று ஒரே குரல்தான். தீம்பாரு என்றால் தோட்டத்தின் ஒரு பகுதி. பிற்பாடு அந்த மூன்றாம் நம்பரை ஆற்றுக்கு மேலே, ஆற்றுக்குக் கீழே என்று இரண்டாகப் பிரித்தார்கள். மறுநாள் அதே குரல் கொடுத்தபோது கீழ்ப்பக்கத்து ஆட்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லையாம். "நம்மள மூணு கீழேன்னுல்ல கிராணி எழுதியிருக்காரு" என்று தோட்டத்துக் கணக்கரான கிராணியைக் காட்டி நியாயம் பேசினார்களாம். அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். கிளை என்பது அதில் ஒரு வேலைக்காகத் தனியாகப் பிரித்து வைக்கும் வரிசை. வைல்ட்கார்டு என்பது பல பெயர்களை ஒரே வீச்சில் பிடிக்கும் குறி. கிட்டில் கிளைப் பெயர்களுக்கு வைல்ட்கார்டு எழுதி நான் பட்ட அவஸ்தை முழுவதும் இந்த ஒரு கேள்விதான். மூணாம் நம்பர் எல்லாம் என்றால் மூணு கீழேயும் அதில் சேர்த்தியா? அதாவது, ஸ்டார் குறி (*) சாய்கோட்டை (/) தாண்டுமா, தாண்டாதா? சில இடங்களில் தாண்டும், சில இடங்களில் தாண்டாது. எந்த இடத்தில் எப்படி என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்ற விதிகள் ஒரு கோப்பை தே தாரேக் தேநீர் ஆறுவதற்குள் பிடிபட்டுவிடும்.

நான் இருப்பது சுங்கை சிப்புட், ஈப்போவுக்கு வடக்கே. கடைவீட்டு மாடியில் இரண்டு மேசை. ஒன்று எனக்கு, ஒன்று என் தம்பிக்கு. கீழே மிளகாய் அரைக்கும் கடை, அதனால் மதியத்துக்கு மேல் தும்மிக்கொண்டேதான் கோட் எழுதுவோம். செம்பனைக் குலைகளை எடை போட்டு வாங்கும் நிலையங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். எடை, ரசீது, ஆட்கூலி, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பிடித்தம் எல்லாம் அதில் அடக்கம். வேறு ஊர்களில் இருந்துகொண்டு இன்னும் மூன்று பேர் எங்களோடு வேலை செய்கிறார்கள்.

கிளைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறோம். யூனிகோட் பெயர்களைக் கிட் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். இதில் மொழிப்பற்று என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 'ஃபிக்ஸ்' என்று தொடங்கும் நாற்பது கிளைகளுக்கு நடுவே தேடி அலுத்துப்போன ஒரு நாளில் எடுத்த முடிவு, அவ்வளவுதான். பெயரின் அமைப்பு இது: வகை, சாய்கோடு, பகுதி, சாய்கோடு, வேலை.

திருத்தம்/சம்பளம்/சொக்சோ
புதுசு/கொள்முதல்/ரசீது
வெளியீடு/2025-03

கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றை ஆங்கிலத்தில் தட்டுங்கள். கிளைப் பெயர்களை மட்டும் அப்படியே தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. ஸ்டார், கேள்விக்குறி, திறக்கும் சதுர அடைப்பு ஆகிய மூன்றும் கிளைப் பெயருக்குள் வரவே கூடாது என்று கிட் தடுத்து வைத்திருக்கிறது. ஆகவே ஓர் இடத்தில் ஸ்டார் இருந்தால் அது பெயரின் பகுதியா, வைல்ட்கார்டா என்ற குழப்பமே வராது. இடைவெளி, முக்காற்புள்ளி, அடுத்தடுத்து இரண்டு புள்ளி ஆகியவற்றுக்கும் தடைதான்.

அந்த மூன்றின் வேலை எளிது. ஸ்டார் என்றால் எத்தனை எழுத்தும் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கேள்விக்குறி என்றால் ஒன்றே ஒன்று. சதுர அடைப்பு என்றால் அதற்குள் இருப்பவற்றில் ஏதாவது ஒன்று. 20[0-9][0-9] என்று எழுதினால் 2025உம் வரும், 2031உம் வரும். இது பொது வழக்கு. விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சாய்கோட்டுத் தகராறு

எங்கள் ரெப்போ, அதாவது கோட் களஞ்சியம், கிட்ஹப் என்ற இணையச் சேவையில் இருக்கிறது. வெளியீட்டுக் கிளைகளில் யாரும் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மேலெழுதித் தள்ளுவது) செய்யக் கூடாது என்று நான்தான் விதி போட்டேன். பேட்டர்ன் இது:

வெளியீடு/*

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு வாடிக்கையாளர் சம்பளப் பகுதியை மட்டும் தனியாக, முன்கூட்டியே கேட்டார். தம்பி முதலில் வெளியீடு/2025-03/சம்பளம் என்று கிளை தொடங்கப் பார்த்தான். கிட் ஏற்கவில்லை. வெளியீடு/2025-03 என்று ஒரு கிளை ஏற்கெனவே இருக்கும்போது, அதையே கோப்புறை மாதிரி வைத்து அதற்குக் கீழே இன்னொரு கிளை திறக்க முடியாது. அதனால் பெயரைத் திருப்பிப் போட்டு வெளியீடு/சம்பளம்/2025-03 என்று வைத்துவிட்டான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் அந்தக் கிளையை ரீபேஸ் செய்து (கமிட் எனும் பதிவுகளை வேறோர் அடியின் மேல் திரும்ப அடுக்கி) ஃபோர்ஸ் புஷ் அடித்தான். என்னுடைய இரண்டு நாள் கமிட்டுகள் சர்வரில் இருந்து காணாமல் போயின.

"அக்கா, தடுத்திருக்கணுமே? நீங்க விதி போட்டு வெச்சிருக்கீங்கன்னு நம்பித்தான அடிச்சேன்."

விதி இருந்தது. ஆனால் அந்தக் கிளை விதிக்குள் வரவில்லை. கிட்ஹப்பின் கிளைப் பாதுகாப்பு விதிகள் ரூபி மொழியின் எஃப்என்மேட்ச் என்ற பொருத்தியைப் பயன்படுத்துகின்றன. அதுவும் பெயரைக் கோப்புப் பாதை மாதிரி பார்க்கச் சொல்லும் ஒரு கொடியோடு. அந்தக் கொடி இருந்தால் ஸ்டார் சாய்கோட்டைத் தாண்டாது. வெளியீடு/* என்பது வெளியீடு/2025-03ஐப் பிடிக்கும், வெளியீடு/சம்பளம்/2025-03ஐ விட்டுவிடும். அப்பாவின் கதையில் ஆற்றுக்குக் கீழே நின்ற ஆட்கள்தான். (கமிட்டுகள் என் மடிக்கணினியில் இருந்தன, திரும்ப ஏற்றிவிட்டேன். அதனால்தான் இன்றைக்கும் தம்பியோடு பேசுகிறேன்.)

எல்லா ஆழத்தையும் பிடிக்க இப்படி எழுத வேண்டும்:

வெளியீடு/**/*

நடுவில் இருக்கும் இரட்டை ஸ்டாரும் அதை ஒட்டிய சாய்கோடும் சேர்ந்து, "எத்தனை அடுக்கு இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி" என்று பொருள் தரும். ஆகவே வெளியீடு/2025-03உம் இதில் விழும், மூன்று அடுக்கு உள்ளே இருப்பதும் விழும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடைசி சாய்கோட்டையும் ஸ்டாரையும் விட்டுவிட்டு வெளியீடு/** என்று முடித்தால் போதும் என்று தோன்றும். போதாது. ரூபியின் பொருத்தியில் இரட்டை ஸ்டாருக்குப் பின்னால் சாய்கோடு இல்லையென்றால் அது வெறும் ஒற்றை ஸ்டார்தான். பார்ப்பதற்குப் பலமாக இருக்கும், வேலை ஓர் அடுக்குக்குத்தான்.

அதே கிட்ஹப்பில், புஷ் செய்ததும் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதியான ஆக்ஷன்ஸ் கோப்பில் எந்தக் கிளைக்கு எந்த வேலை ஓட வேண்டும் என்று எழுதுகிறோமே, அங்கே வெளியீடு/** என்பது முழு ஆழத்துக்கும் செல்லும்! அங்கே இரட்டை ஸ்டார் சாய்கோட்டையும் சேர்த்து எதையும் பிடிக்கும். ஒற்றை ஸ்டார் தாண்டாது. ஆக, ஒரே வீட்டுக்குள் இரண்டு சட்டம். பாதுகாப்பு விதியில் இருப்பதை வெட்டி ஆக்ஷன்ஸ் கோப்பில் ஒட்டும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கிட்ஹப் மாதிரியே இன்னொரு சேவையான கிட்லேபில் இந்தக் கவலையே கிடையாது. அங்கே பாதுகாக்கப்பட்ட கிளைகளுக்கு இருப்பது ஒரே ஒரு வைல்ட்கார்டு, ஒற்றை ஸ்டார். அது சாய்கோட்டைக் கண்டுகொள்ளாது. வெளியீடு/* என்று போட்டால் உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் வந்து சேரும். *சம்பளம்* என்று போட்டால் பெயரின் எந்த மூலையில் சம்பளம் இருந்தாலும் பிடித்துவிடும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் கிட்லேபில் பழகியவர் கிட்ஹப்புக்கு வந்தால் என்னைப் போலத்தான் மாட்டுவார்.

சரி, நம் கணினியிலேயே இருக்கும் கிட் என்ன செய்யும்? இங்கும் இரண்டு பதில்.

கிட் பிராஞ்ச் --லிஸ்ட் 'திருத்தம்/*'

இதில் ஸ்டார் சாய்கோட்டைத் தாண்டும். திருத்தம்/சம்பளம்/சொக்சோ பட்டியலில் வரும்.

கிட் ஃபார்-ஈச்-ரெஃப் 'ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/திருத்தம்/*'

இதில் தாண்டாது. திருத்தத்துக்கு அடுத்த ஓர் அடுக்கு மட்டும்தான். எங்கள் ரெப்போவில் திருத்தக் கிளைகள் எல்லாமே இரண்டு அடுக்கு என்பதால் இந்தக் கட்டளை வெறும் காலியைத் தந்தது. கிளைகளை யாரோ அழித்துவிட்டார்கள் என்று நான் பதறியதுதான் மிச்சம். இங்கே ஸ்டாரையே எடுத்துவிடுவதுதான் சுலபம்:

கிட் ஃபார்-ஈச்-ரெஃப் 'ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/திருத்தம்'

ஸ்டார் இல்லாமல், ஒரு சாய்கோட்டின் எல்லையோடு நிறுத்தினால், அதற்குக் கீழே இருக்கும் அனைத்தையும் கொடுத்துவிடும். இந்தக் கட்டளையில் மட்டும் ஸ்டார் போடாதவனுக்குத்தான் அதிகம் கிடைக்கும்.

ஏன் இப்படி ஆளுக்கு ஒரு சட்டம் என்றால், எல்லாரும் ஒரே பொருத்தியைப் பயன்படுத்தவில்லை. கிட்டுக்குள் இருப்பது ஆர்சிங்க் என்ற மென்பொருளில் இருந்து எடுத்துவந்த பொருத்தி. அதைப் பாதை என்று நினைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு கட்டளை கூப்பிடுகிறது, வெறும் சொல்லாகப் பார்க்கச் சொல்லி இன்னொரு கட்டளை கூப்பிடுகிறது. கிட்ஹப்பின் விதிகளில் இருப்பது ரூபியின் பொருத்தி. ஆக்ஷன்ஸுக்குத் தனி இலக்கணம். எங்கள் வட்டாரத்தில் வயதானவர்களிடம் 'துண்டாடல்' என்று சொன்னாலே முகம் மாறும். 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் போனவர்கள் இங்கே நிறைய. இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்ததும் அதனால்தான். ஒரே தோட்டத்துப் பெயரைச் சொல்லிக்கொண்டு நான்கு முதலாளி, நான்கு சட்டம் என்று இருந்த காலத்தைப் பற்றி அப்பா பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொருத்திகள்தான் நினைவுக்கு வருகின்றன.

மேற்கோள் குறியை மறக்காதீர்கள்

மேலே கட்டளைகளில் பேட்டர்னைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறி போட்டிருக்கிறேன், கவனித்தீர்களா? அழகுக்காக இல்லை. அது இல்லையென்றால் கிட்டுக்குப் போவதற்கு முன்பே, டெர்மினலில் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் அந்த ஸ்டாரைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். எங்கள் ரெப்போவில் 'அறிக்கை' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அறிக்கை/ என்று தொடங்கும் கிளைகளும் இருக்கின்றன. மேற்கோள் இல்லாமல் தட்டினால், ஸ்டார் இருக்கும் இடத்தில் அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்கள் போய் உட்காரும். அந்தப் பெயரில் கிளை ஏது? பட்டியல் காலி. தம்பியின் மேக்கில் இருக்கும் இசட்-ஷெல்லோ பொருந்தும் கோப்பு எதுவும் இல்லையென்றால் கட்டளையையே ஓடவிடாது, பொருத்தம் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அது எவ்வளவோ மேல்.

இதைவிட வேடிக்கை, --லிஸ்ட்டையும் சேர்த்து மறப்பது. அந்தச் சொல் இல்லாவிட்டால் கிட் பிராஞ்ச் என்பது புதுக் கிளை திறக்கும் கட்டளை. கோப்புறைக்குள் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது என்றால், அந்தக் கோப்பின் பெயரிலேயே ஒரு கிளை பிறந்துவிடும். எங்கள் பட்டியலில் அப்படி ஓர் அநாதைக் கிளை நெடுநாள் இருந்தது. யார் பெற்றது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சர்வரில் இருப்பவற்றைப் பார்க்க --ரிமோட்ஸ் சேர்த்தால், பேட்டர்னுக்கு முன்னால் ஆரிஜின்/ (சர்வருக்குக் கிட் வழக்கமாக வைக்கும் பெயர்) என்றும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் வராது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும்

இதை எங்கேயும் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை, அடிபட்டுத் தெரிந்துகொண்டது.

கிட்டின் சொந்தப் பொருத்தி எழுத்துகளைப் பார்ப்பதில்லை, பைட்டுகளைப் பார்க்கிறது. ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட், அதனால் ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. யூடிஎஃப்-8இல் நம்முடைய 'க' மூன்று பைட். ஆகவே ஒரு கேள்விக்குறி போட்டால் 'க' பொருந்தாது, மூன்று போட வேண்டும். 'கு' என்றால் 'க' தனி, உகரக் குறி தனி, ஆக ஆறு. சதுர அடைப்புக்குள் தமிழ் எழுத்துகளைப் போட்டாலும் இதே கதை. அடைப்பு ஒரே ஒரு பைட்டைத்தான் பிடிக்கும், எழுத்து பாதியில் நிற்கும். தமிழ்ப் பெயர்களில் ஸ்டாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேள்விக்குறியும் சதுர அடைப்பும் எண்களுக்கு மட்டும்:

கிட் பிராஞ்ச் --லிஸ்ட் 'வெளியீடு/20[0-9][0-9]-0[1-6]'

அந்தந்த வருடத்தின் முதல் அரையாண்டு வெளியீடுகள் கிடைத்துவிடும்.

அடுத்தது இன்னும் மோசம். புதுசு/கொள்முதல்/* என்று தேடுகிறேன். ஐந்து கிளை வர வேண்டும், மூன்றுதான் வருகிறது. திரையில் பார்த்தால் ஐந்தும் ஒரே மாதிரி 'கொள்முதல்'. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் ஒரே மாதிரிதான். சங்கதி என்னவென்றால், ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் முதல் வகையில் 'கொ' ஆறு பைட், இரண்டாவதில் ஒன்பது. கிட்டுக்கு இவை வேறு வேறு பெயர்கள். எங்களில் ஒருவருடைய விசைப்பலகை இரண்டாவது வகையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ஓகாரத்துக்கும் இதே வம்பு உண்டு. ஔகாரத்தில் இன்னொரு வம்பு, 'கௌ' என்பதற்குப் பதிலாகக் 'கெ' எழுதி 'ள' போடுவது. அது தட்டுகிறவரின் பிழை, ஆனால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

சந்தேகம் வந்தால் கிளைப் பட்டியலை எக்ஸ்எக்ஸ்டி கட்டளைக்குள் விட்டுப் பைட்டுகளைப் பாருங்கள். பிழையான கிளைக்கு கிட் பிராஞ்ச் -எம் போட்டுப் பெயரை மாற்றுங்கள். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வகை, பகுதி ஆகிய இரண்டு சொற்களையும் யாரும் கையால் தட்டுவதில்லை. புதுக் கிளை திறக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்தான் அவற்றை ஒட்டும். வேலையின் பெயரை மட்டும் நாம் தட்டுகிறோம். ஒரு லாபமும் இருக்கிறது: ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் பேட்டர்ன் பொருந்தாது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆக்ஷன்ஸ் கோப்பு

முன்னே சொன்ன விதிவிலக்கு இங்கேதான். ஆக்ஷன்ஸில் கேள்விக்குறி என்றால் "ஏதாவது ஓர் எழுத்து" இல்லை. தனக்கு முன்னால் இருக்கும் எழுத்து ஒரு முறை வரலாம், வராமலும் இருக்கலாம் என்று பொருள். கூட்டல் குறியும் உண்டு, அது முன்னால் இருப்பது ஒன்றோ அதற்கு மேலோ என்று சொல்லும். அதனால் சோதனை-[0-9]+ என்று எழுதினால் சோதனை-7உம் ஓடும், சோதனை-112உம் ஓடும். அதே பேட்டர்னைக் கிட் பிராஞ்சுக்குக் கொடுத்தால் கூட்டல் குறி வெறும் கூட்டல் குறிதான்.

விலக்குவதற்கு ஆச்சரியக்குறி. வெளியீடு/** ஓடட்டும், ஆனால் வெளியீடு/வரைவு/** வேண்டாம் என்றால்:

பிராஞ்சஸ்:
  - 'வெளியீடு/**'
  - '!வெளியீடு/வரைவு/**'

இங்கே வரிசை முக்கியம். மேலிருந்து கீழாகப் படிக்கும், பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றும். விலக்கை மேலே போட்டு அனுமதியைக் கீழே போட்டால், விலக்கியது திரும்ப உள்ளே வந்துவிடும். வெறும் ஆச்சரியக்குறி வரிகளை மட்டும் வைத்தாலும் வேலை நடக்காது. சேர்க்கச் சொல்லும் வரி ஒன்றாவது வேண்டும். விலக்கு மட்டும்தான் தேவை என்றால் அதற்குப் பிராஞ்சஸ்-இக்னோர் என்று தனிச் சொல் இருக்கிறது. ஆனால் ஒரே நிகழ்வுக்கு இரண்டையும் சேர்த்துப் போட முடியாது.

மேற்கோள் குறி இங்கும் வேண்டும், காரணம் வேறு. இந்தக் கோப்பு எழுதப்படும் யாம்ல் வடிவத்தில் ஸ்டார், ஆச்சரியக்குறி, சதுர அடைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொருள் உண்டு. பேட்டர்ன் அவற்றில் ஒன்றோடு தொடங்கினால் கோப்பே உடைந்துவிடும்.

இரண்டு விதி மோதினால்

ஃபோர்ஸ் புஷ் கதைக்குப் பிறகு நான் புத்திசாலித்தனமாக வெளியீடு/**/* என்று புது விதி போட்டேன், கூடவே இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தேன். பழைய வெளியீடு/* விதியை அழிக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். மறு வாரமே வெளியீடு/2025-04 ஒரே ஓர் ஒப்புதலோடு மெர்ஜ் ஆனது, அதாவது மாற்றங்கள் அதில் இணைந்துவிட்டன.

கிட்ஹப்பின் பழைய பாணிப் பாதுகாப்பு விதிகளில் முழுப் பெயரைக் குறிப்பிடும் விதிக்குத்தான் முதலிடம். வைல்ட்கார்டு விதிகளுக்குள் மோதல் வந்தால் எது முதலில் உருவானதோ அதுதான் செல்லும். புதுசு பழசை வெல்லாது. என் பழைய விதி மூத்தது, அது ஓர் ஒப்புதல் போதும் என்றது, கதை முடிந்தது. ஆகவே விதியை இறுக்கும்போது புதிதாக ஒன்று சேர்க்காதீர்கள். பழையதைத் திருத்துங்கள், இல்லையென்றால் அழித்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது அங்கே ரூல்செட் என்று புது முறை இருக்கிறது. அதில் பொருந்தும் விதிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படும், இருப்பதில் கடுமையானது செல்லும். கிட்லேபில் இதற்கு நேர் தலைகீழ். புஷ், மெர்ஜ் உரிமைகளில் பல விதிகள் பொருந்தினால் இருப்பதில் தாராளமானது செல்லும். அங்கே ஒரு தளர்ந்த வைல்ட்கார்டு இருந்தால் எத்தனை கடுமையான விதியைப் பக்கத்தில் வைத்தாலும் பயனில்லை.

குறைந்த கிளைகளை மட்டும் இறக்க

எடை நிலையங்களில் இருக்கும் கணினிகளுக்கு வெளியீடுகள் மட்டும் போதும். இணையம் அங்கே மழையைப் பார்த்து வேலை செய்யும். அதனால் அந்தக் கணினிகளின் கிட் கான்ஃபிகில் ஃபெட்ச் வரியை (எவற்றை இறக்க வேண்டும் என்று சொல்லும் வரி) இப்படி மாற்றி வைத்திருக்கிறோம்:

+ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/வெளியீடு/*:ரெஃப்ஸ்/ரிமோட்ஸ்/ஆரிஜின்/வெளியீடு/*

பக்கத்துக்கு ஒரு ஸ்டார்தான் அனுமதி. அந்த ஸ்டார் சாய்கோட்டைத் தாண்டும், கேள்விக்குறிக்கும் அடைப்புக்கும் இங்கே இடம் இல்லை. கிட் 2.6 தொடங்கி ஸ்டாரைச் சொல்லின் நடுவிலும் வைக்கலாம், வெளியீடு/2025* என்பது மாதிரி. 2.29 தொடங்கி, முன்னால் கூரைக்குறி போட்டு ஒரு வரியை விலக்கவும் செய்யலாம்.

அழிப்பதற்கு முன்

மெர்ஜ் ஆன பழைய திருத்தக் கிளைகளைக் கூட்டித் தள்ள வேண்டும். கிட் பிராஞ்ச் -டி கட்டளைக்கு வைல்ட்கார்டு தெரியாது, முழுப் பெயர்தான் கொடுக்க வேண்டும். ஆகவே பட்டியலை எடுத்து அதனிடம் ஊட்ட வேண்டியிருக்கும். கிட் பிராஞ்சின் பட்டியலை அப்படியே ஊட்டாதீர்கள். நீங்கள் நிற்கும் கிளையின் முன்னால் அது ஒரு ஸ்டார் போட்டுக் காட்டும், அந்த ஸ்டாரும் சேர்ந்து உள்ளே போகும். ஃபார்-ஈச்-ரெஃப் சுத்தமான பெயர்களைத் தரும்:

கிட் ஃபார்-ஈச்-ரெஃப் --மெர்ஜ்டு=மெயின் --ஃபார்மட்='%(ரெஃப்நேம்:ஷார்ட்)' 'ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/திருத்தம்'

முதலில் இதை மட்டும் ஓட்டிப் பட்டியலைக் கண்ணால் படியுங்கள். தம்பிக்கு நான் போட்ட சட்டம், பட்டியலை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது. பெரட்டு மாதிரி. அதற்கு அப்புறம் குழாய்க்குறி போட்டு எக்ஸ்-ஆர்க்ஸ் கிட் பிராஞ்ச் -டி என்று சேர்க்கலாம். சின்ன 'டி' மெர்ஜ் ஆகாததை அழிக்க மறுக்கும். பெரிய 'டி' எதையும் கேட்காமல் அழிக்கும். வைல்ட்கார்டில் இருந்து வந்த பட்டியலுக்குப் பெரிய 'டி' வேண்டவே வேண்டாம்.

முயன்று பார்க்கும் முறை

எந்தப் பேட்டர்னையும் நம்பாமல் நான் இப்போது செய்வது இதுதான். காலி ரெப்போ ஒன்று திறந்து, ஒரு வெற்றுக் கமிட் போட்டு, ஐந்து பொய்க் கிளைகள் திறக்கிறேன்: வெளியீடு/2025-03, வெளியீடு/சம்பளம்/2025-03, வெளியீடு/சம்பளம்/கூலி/2025-03, வெளியீடுகள், பழைய-வெளியீடு/1. முதலாவது சாதாரணம். இரண்டாவதும் மூன்றாவதும் சாய்கோட்டைத் தாண்டுகிறதா என்று சொல்லும். நான்காவது, வெளியீடு* என்று சாய்கோடு இல்லாமல் எழுதிவிட்டேனா என்று காட்டும். ஐந்தாவது, பேட்டர்ன் பெயரின் நடுவில் ஒட்டிக்கொள்கிறதா என்று காட்டும். எது எது வர வேண்டும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டுத்தான் கட்டளையை ஓட்டுவேன். ஓட்டிவிட்டு எழுதினால் நம் மனசு திரையில் வந்ததையே சரி என்று சொல்லும்.

கிட்ஹப்புக்கும் கிட்லேபுக்கும் அந்தக் கிளைகளைச் சோதனை ரெப்போ ஒன்றில் ஏற்றிவிட்டு விதியைச் சேமித்தால், இத்தனை கிளைகளுக்குப் பொருந்துகிறது என்று விதியின் பக்கத்திலேயே எண் வரும். தாளில் மூன்று என்று எழுதியிருந்து திரையில் ஒன்று என்று வந்தால் ஸ்டார் சாய்கோட்டில் நின்றுவிட்டது. ஐந்து என்று வந்தால் எங்கோ அளவுக்கு மீறித் திறந்துவிட்டீர்கள். ஆக்ஷன்ஸுக்கு மட்டும் இந்த எண் கிடைக்காது. 'வந்துட்டேன்' என்று அச்சிடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒரு வேலையை அந்தக் கோப்பில் வைத்து, கிளைகளை ஒவ்வொன்றாகப் புஷ் செய்து எது ஓடுகிறது என்று பார்க்கிறேன். ஐந்தையும் ஒரே புஷ்ஷில் தள்ளாதீர்கள்: ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேற்பட்ட டேக்குகளை (கமிட்டுகளுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டுகள்) தள்ளினால் கிட்ஹப் நிகழ்வே எழுப்பாது, அந்தப் பழக்கத்தைக் கிளைகளிலும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஒன்றுக்கு ஒரு நிமிடம், மொத்தம் ஐந்து நிமிடம். கீழே மிளகாய் மெஷின் ஓடாத காலை வேளையாகப் பார்த்துச் செய்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.